அக்காவுக்கு ஒன்று, தோஸ்த்துக்கு ஒன்று

எங்கள் ஷூ கம்பெனியில் மகளிர் தினம் என்றால் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், சாயங்காலம் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். சில வருஷங்களுக்கு முன்னால் புதிதாக வந்த வெல்ஃபேர் ஆபீசர் மேடம்தான் அந்த வழக்கத்தில் கை வைத்தார். சென்னையில் கல்லூரியில் படித்தபோது அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவராம். அப்படி ஒரு ஆட்டம் இருப்பதே ஆம்பூரில் எங்கள் யாருக்கும் தெரியாது. பேர்தான் ஃபுட்பால், காலால் உதைக்கிற வேலையே இல்லை. பந்தும் உருண்டையாக இல்லை. பலாக்கொட்டை போல இரண்டு பக்கமும் கூராக இருந்தது.

நான் சாம்பிள் ரூமில் வேலை செய்கிறேன். எங்களுக்கு எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். பந்தை வாங்கி முகர்ந்து பார்த்தேன். தோல் இல்லை, சிந்தெடிக். தையல் மட்டும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. நடுவே ஷூவுக்குக் கட்டுவது போல லேஸ் கட்டியிருந்தார்கள். அந்த லேஸ் மேல் விரல்களை வைத்துப் பிடித்து எறிய வேண்டும் என்று மேடம் காட்டினார். எறிந்தேன். கல்லூரியில் மூன்று வருஷம் த்ரோபால் ஆடிய தோள் எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு அதற்குத் துணி பிழிவதைத் தவிர வேறு வேலை இருந்ததில்லை. பந்து சுழன்றுகொண்டே போய் கேண்டீன் சுவரில் மோதியது. மேடம் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“இனிமே நீங்கதான் எறியறவங்க,” என்றார்.

அவர் கற்றுக்கொடுத்தது ஆளை இடித்துத் தள்ளுகிற ஆட்டம் இல்லை, அதன் சாதுவான தங்கை. அணிக்கு ஐந்து பேர். எல்லாருடைய இடுப்பிலும் ஒரு பெல்ட், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரிப்பன். பந்து யார் கையில் இருக்கிறதோ அவளுடைய ரிப்பனை எதிரணி உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும். நான்கு வாய்ப்புக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் இன்னும் நான்கு வாய்ப்பு, எதிரணியின் கடைசிக் கட்டத்துக்குள் போய்ச் சேர. சேர்ந்தால் ஆறு புள்ளி. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் என் கைக்கு வரும். அதை வைத்துக்கொண்டு நான் ஓடக் கூடாது. முன்னால் ஓடுகிறவளுக்குத் தூக்கி எறியலாம், இல்லையென்றால் பக்கத்தில் வருகிறவள் கையில் கொடுத்து அவளை ஓடச் சொல்லலாம். இந்த இரண்டில் எதை எப்போது செய்வது என்பதுதான் மொத்த ஆட்டமும். அது புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

முதல் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பதினோரு பேர் கூடினோம். ஒரு மாதத்தில் ஏழு பேர் நிலைத்தார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும்.

ஒருத்தி பினிஷிங் செக்‌ஷனில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவள். எங்கள் எல்லாரையும்விட ஒரு சாண் உயரம். வீட்டில் உருது, வெளியே தமிழ். வயது இருபத்தாறு. யாரைக் கண்டாலும் “தோஸ்த்” என்றுதான் கூப்பிடுவாள். கடைசியில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. தலைத்துணியை நாலு பின் குத்தி இறுக்கிக்கொண்டு, மேலே ஒரு தொப்பியையும் மாட்டிக்கொண்டு வருவாள். எப்படி எறிந்தாலும் பிடிப்பாள். தலைக்கு மேலே போனாலும், முட்டிக்குக் கீழே வந்தாலும், எதிரே வெயில் அடித்தாலும் அந்த நீளக் கைகள் எங்கிருந்தாவது வந்து பந்தை எடுத்துக்கொள்ளும்.

இன்னொருத்தி தையல் லைனில் இருக்கும் அக்கா. நாற்பத்தொரு வயது, காலேஜ் போகிற மகள், மாதனூர்ப் பக்கம் வீடு. முதல் நாள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். ஆள் குறைகிறது என்று இழுத்து நிற்க வைத்தோம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினார். குள்ளமான உடம்பு, சின்னச் சின்ன அடி. நேராக ஓடவே மாட்டார். பத்து வருஷமாக கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ரோட்டில் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவில் ஓடிய கால்கள் அவை. ரிப்பனைப் பிடிக்கப் போகிறவள் கையில் காற்றுதான் மிஞ்சும்.

ஆனால் நான் அவர் கையில் பந்தைக் கொடுக்கவில்லை.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எறிவதில் ஒரு ருசி இருந்தது. பந்து விரலை விட்டுப் போகிற அந்த நொடியிலேயே நல்ல எறியா கெட்ட எறியா என்று தெரிந்துவிடும். நல்ல எறி என்றால் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம். கையில் கொடுப்பதில் எனக்கு என்ன இருக்கிறது? கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். வெளியே கேட்டால் மட்டும், “அக்காவுக்கு வயசாச்சு, வுழுந்துட்டா இன்னா பண்றது?” என்பேன்.

முதல் ஆட்டம் வேலூரில், ஒரு கல்லூரி மைதானத்தில், அந்தக் கல்லூரிப் பெண்களோடு நடந்தது. எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயது. ஒரே மாதிரி பனியன், ஒரே மாதிரி ஷூ. வெளிநாட்டுக்கு ஷூ அனுப்புகிற நாங்கள் பஜாரில் வாங்கிய கேன்வாஸ் ஷூவில் போயிருந்தோம். முதல் எறி தோஸ்த்துக்கு, பிடித்தாள். இரண்டாவதும் அவளுக்கே, அதையும் பிடித்தாள். மூன்றாவது எறிக்கு அவளைச் சுற்றி இரண்டு பேர் நின்றார்கள். அப்புறம் மூன்று பேர். நான் விடாமல் அவளுக்கே எறிந்தேன். பந்து அவர்கள் கைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அக்கா என் பக்கத்தில் வந்து, “ஒரு தபா எங்கிட்ட குடு பாப்பா, இந்தப் பக்கம் யாருமே இல்ல,” என்றார். தலையை ஆட்டினேன். அடுத்ததையும் எறிந்தேன். ஒரு புள்ளிகூட இல்லாமல் தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கி எல்லாருக்கும் கொடுத்தார், எனக்கும் சேர்த்து. பேசியது தோஸ்த்துதான்.

“நீ எனக்கே போட்றே. அதனால எல்லாரும் எங்கிட்டயே வந்து நிக்கிறாங்க. நான் இன்னா, மரமா? எத்தனை பேர்தான் ஏறுவாங்க?”

“நீதான எல்லாத்தையும் புடிக்கிறவ?”

“அக்காகிட்ட ரெண்டு குடுத்திருந்தா அவங்க அங்க ஓடியிருப்பாங்க, எனக்கு மூச்சு வுட எடம் கிடைச்சிருக்கும். எனக்கு நல்லது பண்ணணும்னா எனக்குக் கம்மியாப் போடு தோஸ்த்.”

வாங்கிக்கொள்கிறவளே கம்மியாகக் கொடு என்று கேட்டது எனக்கு உறைத்தது. ஆனால் நான் எதையும் பாதியாகச் செய்கிறவள் இல்லை. ரசத்தில் உப்பு கம்மி என்று யாராவது சொன்னால் மறுநாள் வாயில் வைக்க முடியாதபடி போடுகிற கை என்னுடையது.

அடுத்த ஆட்டம் ராணிப்பேட்டைப் பக்கத்து இன்னொரு கம்பெனிப் பெண்களோடு. அன்றைக்கு ஒவ்வொரு பந்தையும் அக்கா கையில் கொடுத்தேன். முதல் ஐந்து நிமிஷம் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தார். இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. நடுக்கோட்டுக்கு முன்னால் ஐந்து கெஜமும், கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஐந்து கெஜமும் ஓடக் கூடாத இடம். அங்கே எறிந்துதான் ஆக வேண்டும். அக்கா வியர்த்துக் கொட்டி அதுவரை கொண்டுவந்து சேர்ப்பார். அங்கே நான் தோஸ்த்துக்குத்தான் எறிவேன் என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவளை மொய்ப்பார்கள். பந்து கீழே விழும்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு அவர்கள் வேறு யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்கு பேர் அக்காவுக்காகவே காத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நெரிசலில் திரும்பும்போது அக்காவுக்குக் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைத்து நானும் தோஸ்த்தும் காலை நீவிவிட்டோம்.

“நான் மாடு மாதிரி இழுப்பேன், அது இல்ல,” என்றார் அக்கா. “ஆனா எல்லா மூட்டையையும் எம்மேலயே ஏத்தாத பாப்பா.”

தோஸ்த் சும்மா இருக்கவில்லை. “நான் அந்த மூலைல நின்னு நின்னு கால்ல வேர் வுட்டுடுச்சு. பிரியாணி வாங்கிட்டு வந்திருந்தா ஆறாம சாப்ட்டிருக்கலாம்.”

அக்கா வலியோடு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

அந்த வாரம் முழுக்க கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஒன்று அக்காவுக்கு, ஒன்று தோஸ்த்துக்கு. பிறகு அக்காவுக்கு, பிறகு தோஸ்த்துக்கு. பந்தியில் பரிமாறுவது போல யாருக்கும் குறை வைக்காமல். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எதிராக நிற்க பேக்கிங் செக்‌ஷன் பெண்களைக் கூப்பிட்டோம். அவர்களில் பாதிப் பேர் அந்தப் பந்தையே அன்றைக்குத்தான் பார்த்தார்கள். ஆறாவது வாய்ப்பில் ஒருத்தி சத்தமாகவே, “இப்ப உயரமா இருக்கிற அக்காவுக்கு வரும், எல்லாரும் அங்க ஓடுங்கடி,” என்றாள். ஓடினார்கள். பந்தும் அங்கேதான் போனது.

மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சமமாக் குடுக்கறது வேறங்க. அடுத்து என்ன வரும்னு தெரியாமக் குடுக்கறது வேற,” என்றார். சரி, தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். “அது உங்க கையிலதான் இருக்கு,” என்றார். அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். ஆனால் விஷயம் நிஜமாகவே என் கையில்தான் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தது அக்கா. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் வேலூரில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறார். ஆட்டம் என்றால் அவருக்கு அரிச்சுவடி தெரியாது. ஆனால் இரண்டு ஆட்டத்துக்கும் வந்து கோட்டோரம் நின்று, செல்போனில் முழுவதையும் வீடியோ எடுத்து என் போனுக்கு அனுப்பியிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் அக்காவும் தோஸ்த்தும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதைப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. பந்து எங்கே போகிறது, யார் பிடித்தார்கள், எதுவும் தெரியவில்லை. அரை மணி நேரமும் நான்தான் இருந்தேன். நான் நிற்கிறேன், எறிகிறேன், மூச்சு வாங்குகிறேன், தலைமுடியைக் காதுக்குப் பின்னால் தள்ளுகிறேன்.

“உங்க வீட்டுக்காரரு ஆட்டத்தைப் பாக்க வரல தோஸ்த், உன்னைப் பாக்க வந்திருக்காரு,” என்றாள் தோஸ்த். எனக்கு முகம் சூடாகிவிட்டது. போனைப் பிடுங்கப் பார்த்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

“இரு. பின்னால தள்ளு. இன்னும் கொஞ்சம்.”

அக்காவின் கண் சாதாரணக் கண் இல்லை. நகரும் லைனில் ஒரு தையல் பிசகியிருந்தால் தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவார். முகத்துக்கு நேரே போனை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு என் வலது கையைப் பிடித்து மேசைமேல் வைத்தார்.

“நீ எறியப் போறேன்னா இந்தக் கைய பேன்ட்ல தொடைக்கிற. ரெண்டு தபா, இப்படி இப்படி. எங்கிட்ட குடுக்கப் போறேன்னா தொடைக்கல.”

“சும்மா சொல்லாதீங்கக்கா.”

“நீயே பாரு.”

பார்த்தேன். வேலூர் ஆட்டத்தில் ஒவ்வொரு தடவையும் துடைக்கிறேன். ராணிப்பேட்டை ஆட்டத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன். ஓடக் கூடாத இடம் வந்ததும் மறுபடியும் துடைக்கிறேன். வியர்த்த கையில் லேஸ் வழுக்கும் என்று த்ரோபால் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது. எதிரில் நிற்கிறவர்களுக்கு நானே தபால் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே பெருமை. “பாத்தியா, நான் எடுத்ததாலதான தெரிஞ்சுது?” என்றார். பந்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். “பந்து எங்க ஓடிப்போச்சோ, யாரு கண்டா?” என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரே வேலைதான் செய்தோம். எறிந்தாலும், கையில் கொடுத்தாலும், எல்லாத் தடவையும் நான் கையைத் துடைக்க வேண்டும். எல்லாத் தடவையும் அக்கா என் பக்கத்தில் ஒரே மாதிரி ஓடி வர வேண்டும். எல்லாத் தடவையும் தோஸ்த் ஒரே வேகத்தில் கிளம்ப வேண்டும். அக்கா வயிற்றோடு கையைக் குவித்துக்கொண்டு வருவார். அந்தக் குவியலுக்குள் பந்தை வைப்பேன், இல்லையென்றால் வைப்பது போல வைத்து எடுத்துக்கொள்வேன். பந்து இல்லாதபோதும் அக்கா குனிந்து, வயிற்றை இறுக்கிக்கொண்டு, உயிரே அதில்தான் இருக்கிறது என்பது போல ஓடுவார். ஒரு தடவை எங்கள் ஆட்களே ஏமாந்து அவருடைய ரிப்பனை உருவினார்கள். அக்கா வெறுங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தார். அப்படி ஒரு குறும்புச் சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. கையில் கொடுப்பதிலும் ஒரு ருசி இருக்கிறது. அக்காவின் கைக்குள் பந்து சரியாக உட்கார்ந்து, அவர் அதை இறுக்குகிற அழுத்தம் என் விரலுக்கு வந்து சேரும். நல்ல எறியைப் போல அதற்கும் ஒரு சந்தோஷம். இவ்வளவு நாள் அதை வேண்டாம் என்று தள்ளி வைத்திருந்தேனே என்று தோன்றியது.

மறுபடியும் அதே கல்லூரிப் பெண்களோடு, அதே வேலூர் மைதானம். இந்தத் தடவை தோஸ்த்தின் அம்மாவும் வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். முதல் வாய்ப்பில் கையைத் துடைத்தேன். இரண்டு பெண்கள் உடனே தோஸ்த் பக்கம் நகர்ந்ததைப் பார்த்தேன். அவர்கள் மறக்கவில்லை. பந்தை அக்கா கையில் வைத்தேன். நடுக்கோட்டுக்குக் கிட்டே போய்த்தான் நின்றார். அடுத்ததற்கும் துடைத்தேன். இப்போது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் மூன்று மாதம் உழைத்தோம்.

அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, கால்களில் இருபது வயது இருந்தது. ஆட்டம் முடிய சில நொடிகள் இருக்கும்போது பதின்மூன்றுக்கு ஆறு என்று அவர்கள் முன்னால் இருந்தார்கள். அப்போது அக்காவுக்குக் கொடுப்பது போலக் காட்டி, தோஸ்த்துக்கு நீளமாக எறிந்தேன். பிடித்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தாள். பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு.

ஆறு புள்ளி எடுத்த அணிக்குக் கூடுதலாக ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, இப்போது அது எங்களுக்கு. ஐந்து கெஜத்திலிருந்து முயன்றால் ஒரு புள்ளி, சமநிலை. அங்கே எறிய மட்டும்தான் முடியும். பத்து கெஜத்திலிருந்து என்றால் இரண்டு புள்ளி, ஜெயித்துவிடலாம். அங்கே ஓடலாம், எறியலாம். மேடம் என்னைக் கேட்டார். நான் அக்காவையும் தோஸ்த்தையும் பார்த்தேன்.

“ரெண்டுக்குப் போ. அவளுக்குப் போடு,” என்றார் அக்கா.

“ரெண்டுக்குப் போ. அக்காகிட்ட குடு,” என்றாள் தோஸ்த்.

ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த இடத்தில் அழுகை வரும் போல இருந்தது. இரண்டு பேரில் யாருக்குமே தனக்கு வேண்டும் என்று தோன்றவில்லை.

கையைத் துடைத்தேன். பந்து வந்தது. அக்கா குனிந்து வந்தார். அவருடைய கைக்குள் பந்தை வைத்து, அவர் இறுக்குவதற்கு முன்னால் எடுத்தேன். அக்கா வெறுங்கையோடு வலது பக்கம் பாய்ந்தார். அன்று முழுக்க அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்த நான்கு பெண்கள் அவர் பின்னால் பாய்ந்தார்கள். தோஸ்த்தோடு நின்றவளும் போய்விட்டாள். கடைசிக் கட்டத்தின் இடது பக்கத்தில் தோஸ்த் தன்னந்தனியாக நின்றிருந்தாள். சுற்றிலும் யாருமே இல்லை. மெதுவாக, குழந்தைக்குப் போடுவது போலப் போட்டேன்.

பந்து அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் போய் விழுந்தது. அங்கிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

கல்லூரிப் பெண்கள் கத்தினார்கள். தோஸ்த் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஓடினேன், அக்கா எனக்கு முன்னால் ஓடிப் போய்ச் சேர்ந்தார். அவளுடைய தோளுக்குத்தான் அக்காவின் தலை எட்டும். இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

“எப்பவும் ரெண்டு பேராவது எம்மேல வுழுந்துகிட்டு இருப்பாங்கக்கா,” என்று தேம்பினாள். “திடீர்னு பாத்தா யாருமே இல்ல. பேஜாராப் போச்சு. இன்னாடா இது, யாரையும் காணோமேன்னு பாத்தேன், பந்து வந்துடுச்சு.”

அக்காவின் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல் எனக்கும் தொற்றியது. கடைசியில் தோஸ்த்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வேப்பமரத்தடியில் இருந்து அவள் அம்மா, “இன்னாத்துக்கு அழுவுது? இன்னாத்துக்கு சிரிக்குது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாங்கள் தோற்றுவிட்டோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தோற்றவர்கள் போல நாங்கள் இல்லை. என் வீட்டுக்காரரிடம் வீடியோவைக் கேட்டேன். பந்து நழுவியது அதில் இல்லை. எறிந்துவிட்டு நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதுதான் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை காலி மனைக்குப் போனால் அக்கா எங்கள் எல்லாரையும் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். தோஸ்த்தை மட்டும் நட்ட நடுவில் நிறுத்தினார். முப்பது அடிக்கு அவளைச் சுற்றி ஒரு ஈ, காக்கை கிடையாது.

“இன்னிக்கு நீ தனியா நின்னு புடிக்கப் பழகு,” என்றார். என்னிடம் திரும்பி, “நீ போடு பாப்பா,” என்றார்.

போட்டேன். பிடித்தாள். இன்னொன்று போட்டேன், நழுவவிட்டாள். மூன்றாவதைப் பிடித்தாள். பத்தாவதில் பந்தை அணைத்துக்கொண்டு சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

“யாராவது ஒருத்தராவது பக்கத்துல வந்து நில்லுங்கப்பா,” என்று கத்தினாள். “ஒரு மாதிரியா இருக்கு!”

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்து ஓடினார்.